ஒழிக்கப்பட்ட அண்ணனும் இயக்குநரின் ரத்தமும்

நோய்களை மருந்தால் ஒழித்தவர்கள் உலகில் உண்டு. தடுப்பூசியால் ஒழித்தவர்கள் உண்டு. சாக்கடையை மூடியும் கையைக் கழுவியும் ஒழித்தவர்கள்கூட உண்டு. பாவம், கஷ்டப்பட்டவர்கள். ஒரு நோயை முன்மொழிந்து, வழிமொழிந்து, தேநீர் வருவதற்கு முன்பாகவே ஒழித்துக் கட்டிய பெருமை உண்ணிக் காய்ச்சல் ஆய்வு நிலையத்துக்கு மட்டுமே உரியது. மனித குலம் இன்னும் அந்த நிலையத்துக்கு நன்றி தெரிவிக்கவில்லை. மனித குலத்தின் குணமே அப்படித்தான்.

உண்ணிக் காய்ச்சல் இரண்டு வகை. காட்டோரம் மரம் வெட்டுகிறவர்களையும் மாடு மேய்க்கிறவர்களையும் உண்ணி கடிக்கும்போது இரண்டில் ஏதாவது ஒரு வைரஸ் உள்ளே போகும். இரண்டுக்கும் நீளமான அறிவியல் பெயர்கள் இருக்கின்றன. அவற்றைத் தடுமாறாமல் சொல்லக்கூடியவர் நிலையத்தில் யாரும் இல்லாததால், ‘அண்ணன்’, ‘தம்பி’ என்றே அழைத்துவந்தார்கள். ஒரே குடும்பம், ஒரே முகச்சாயல். வரும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் வருவார்கள்: காய்ச்சல், உடம்பு வலி, சிவந்த கண். தம்பி சில நாள் படுக்கவைத்துவிட்டுப் போய்விடுவான். அண்ணன் அப்படியில்லை. அவனும் போவதுபோல் போவான். நோயாளி எழுந்து உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டு, ‘சும்மா பயந்துட்டேன்’ என்று சிரிப்பார். ஒரு வாரமோ சில வாரங்களோ கழித்து அண்ணன் திரும்பி வருவான், இந்த முறை நேராகத் தலைக்கு.

வந்திருப்பது யார் என்று கண்டுபிடிக்க, ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எதிர்ப்பொருள் என்பது வைரஸை அடிக்க உடம்பு ஏவிவிடும் அடியாள். அந்த அடியாளுக்குக் கண் கொஞ்சம் மந்தம். அண்ணனை அடிக்க அனுப்பினால், சாயலைப் பார்த்துத் தம்பியையும் நாலு சாத்திவிட்டு வருவான். அதனால் சோதனைத் தட்டில் அண்ணனுக்கு ஒரு குழி, தம்பிக்கு ஒரு குழி என்று வைத்து நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, விட்டால், இரண்டு குழியும் மஞ்சளாகிவிடும். யார் வந்தது? தெரியாது.

இந்த மஞ்சள் குழிகளைப் பல வருடங்களாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் சீரம் பிரிவின் தலைவர். வாசல் பலகையில் அவருடைய பெயரும் பெயரைவிட நீளமான பட்டங்களும் இருந்தன. ஆனாலும் நிலையத்தில் அவருக்கு ‘மஞ்சள்’ என்றுதான் பெயர். மஞ்சள் படித்தவர், நேர்மையானவர், தைரியசாலி. அநியாயம் எங்கே நடந்தாலும் சும்மா இருக்கமாட்டார். மனசுக்குள் மிக உரக்கக் கண்டித்துவிடுவார்.

அண்ணன் ஒழிந்த வரலாற்றுச் சிறப்புமிக்க கூட்டம் இவ்வாறு நடந்தது.

“ரெண்டு குழியும் மஞ்சளாச்சுன்னா என்ன அர்த்தம் டாக்டர்?” என்று இயக்குநர் கேட்டார். அவர் மெலிந்த குரலும் பருத்த கோப்பும் கொண்டவர்.

“ரெண்டு பேர்ல ஒருத்தர் சார். யாருன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.”

“முடியாதுன்னு சொல்றதுக்கா நமக்குச் சம்பளம் குடுக்கறாங்க?”

“உயிரோட இருக்கற வைரஸ்ல நோயாளியோட சீரத்தைக் கலந்து பாக்கணும் சார். அது எந்த வைரஸை அதிகமா முடக்குதுன்னு பாத்தா ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். ஆனா அதுக்குப் பாதுகாப்பு அறை வேணும். தலைமை ஆய்வகத்துலதான் இருக்கு. போய்ட்டு வர ஒரு வாரம் ஆகும்.”

“ஒரு வாரமா?” என்று இயக்குநர் விரல்களைக் கோத்துக்கொண்டு யோசித்தார். பெரிய மூளைகள் யோசிக்கும்போது அறையே அமைதியாகிவிடும். “பிரச்சினை எங்க இருக்குன்னு யாராவது கவனிச்சீங்களா? குழி ரெண்டு இருக்கறதுதான் பிரச்சினை. ஒரு குழி இருந்தா?”

அவரே பதிலும் சொன்னார்.

“தம்பிக்கு மட்டும் கிட் வாங்குவோம். மஞ்சளாச்சுன்னா தம்பி. ஆகலன்னா ஒண்ணுமில்ல. குழப்பத்துக்கு இடமே இல்ல!”

விளம்பர அலுவலர் அம்மையார் முதலில் கைதட்டினார். ‘ஒரே குழி, ஒரே முடிவு’ என்ற வாசகத்தை அந்த இடத்திலேயே இயற்றினார். புதிய கிட்டின் துல்லியத்தையும் அன்றே பரிசோதித்தார்கள். ஒரே ரத்தத்தை அதே கிட்டில் இரண்டு முறை சோதித்தார்கள். இரண்டு முறையும் ஒரே விடை வந்தது. ஆகவே துல்லியம் நூற்றுக்கு நூறு என்று தீர்மானிக்கப்பட்டது.

அன்றிலிருந்து அண்ணனை யாரும் பார்க்கவில்லை. அவனைப் பார்ப்பதற்கான குழியே இல்லை என்பது வேறு விஷயம். கொஞ்ச காலத்தில் ‘அண்ணன் ஒழிக்கப்பட்டார்’ என்று அறிவித்து, வாசலில் கல் பதித்தார்கள். நிலையத்தின் மருத்துவமனையில் அண்ணன் நோயாளிகளுக்கென்று இருந்த தனி வார்டைப் பூட்டி, நிலையத்துக்கு வந்த வாழ்த்து மடல்களை அங்கே அடுக்கினார்கள். தம்பியின் குணமடையும் விகிதமும் கிடுகிடுவென்று ஏறியது. காய்ச்சல் விட்ட மறுநாளே ‘பூரண குணம்’ என்று சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். அதன்பிறகு அந்த ஆளுக்கு என்ன ஆனாலும் அது நிலையத்தின் அதிகார வரம்புக்கு வெளியே நடப்பது.

மஞ்சள் இதையெல்லாம் மனசுக்குள் தொண்டை வறளக் கண்டித்துவிட்டு, எல்லாச் சான்றிதழ்களிலும் கையெழுத்துப் போட்டார். துணை இயக்குநர் நாற்காலி அப்போது காலியாக இருந்தது.

இப்படி எல்லாம் சுபமாகப் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய தங்கை தொலைபேசியில் அழைத்தாள். தங்கையின் கணவர் காட்டோரத்து மர முகாமில் மரம் அளக்கிற வேலையில் இருந்தார்.

“அண்ணா, ஒண்ணுமில்ல, பயப்படாத. அவருக்குக் காய்ச்சல் வந்து இப்ப விட்டுடுச்சு. உங்க ஆபீஸ்லயே சரியாயிடுச்சுன்னு சர்டிபிகேட் குடுத்துட்டாங்க. உன் கையெழுத்துதான் போட்டிருக்கு. அதைப் பாத்தப்புறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு.”

மஞ்சளுக்கு உயிர் போனது. அன்று மாலையே ஓடினார்.

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தாலும் வாய் வழக்கம்போல் நீளமாகத்தான் இருந்தது.

“வாங்க மச்சான்! காய்ச்சல்ல கிடந்தாக்கூட வராதவரு, காய்ச்சல் போனப்புறம் வந்திருக்கீங்க. பழம் வாங்கிட்டு வந்தீங்களா, வெறுங்கையா?”

“மாப்ள, முகாம்ல வேற யாருக்காவது?”

“வரிசையா வந்துச்சு. ரம்பம் ஓட்டறவருக்கு, சமையல்காரருக்கு, லாரி ஏத்தறவங்களுக்கு... எல்லாருக்கும் உங்க தம்பிதானாம். எல்லாரும் எழுந்து வேலைக்குப் போய்ட்டாங்க. நானும் அடுத்த வாரம் போறேன்.”

“போக வேண்டாம். கையைக் குடுங்க.”

“பாத்தியா, உங்கண்ணன் பழம் வாங்கிட்டு வரல, ரத்தம் எடுத்துட்டுப் போக வந்திருக்காரு!” என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார் மாப்பிள்ளை. அவளும் சிரித்தாள். மஞ்சள் மட்டும் சிரிக்காமல் ஊசியைக் குத்தினார்.

அண்ணனுக்கென்று தனி மருந்து எதுவும் கிடையாது. ஆனால் தலைக்கு ஏறும் நேரத்தில் வார்டில் படுக்கவைத்து, மூச்சையும் மூளை வீக்கத்தையும் கூடவே இருந்து கவனித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். அந்த வார்டோ அண்ணன் நோயாளிக்கு மட்டும்தான் திறக்கும். அண்ணன் என்று தலைமை ஆய்வகம் சொன்னால்தான் அண்ணன். தலைமை ஆய்வகத்துக்கு ரத்தம் போக இயக்குநர் கையெழுத்து வேண்டும். மஞ்சள் மறுநாள் காலையிலேயே அவர் அறைக்குப் போனார்.

“சார், ஒரு சாம்பிளை முடக்கச் சோதனைக்கு அனுப்பணும். அண்ணனா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்.”

இயக்குநர் பரிவோடு பார்த்தார். “டாக்டர், அண்ணன் செத்துட்டாரு. கல்லு வெச்சாச்சு. செத்தவரை டெஸ்ட் பண்ணச் சொன்னா தலைமை ஆய்வகத்துல என்ன நினைப்பாங்க?”

“நாம தம்பிக்கு மட்டும்தான் சார் பாக்கறோம்...”

“அதனாலதானே தெளிவா தெரியுது! துணை இயக்குநர் பதவிக்கு உங்க பேரைத்தான் எழுதி வெச்சிருக்கேன். இந்த நேரத்துல சந்தேகம் எல்லாம் எதுக்கு?”

மஞ்சள் பயங்கரமாகச் சீறினார். அந்தச் சீற்றத்தில் ஒரு சொல்கூட வாய்வரை வரவில்லை. மாப்பிள்ளையின் ரத்தக் குழாயைக் குளிர் அறையில் வைத்துவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

அந்த வாரமே நிலையத்துக்குப் புதிய தானியங்கி எந்திரம் வந்தது. திறப்பு விழாவுக்கு விருந்தினர்கள் வந்து பிஸ்கட் சாப்பிட்டார்கள். எந்திரம் சரியாக வேலை செய்வதைக் காட்ட, நோயாளிகளின் ரத்தத்தோடு ஒரு நல்ல ஆரோக்கியமானவரின் ரத்தமும் தேவைப்பட்டது. அந்தக் குழி நிறம் மாறாமல் இருக்க வேண்டும்.

“என்னைவிட ஆரோக்கியமான ரத்தம் இங்க யாருக்கு இருக்கு?” என்று இயக்குநர் சட்டைக்கையைச் சுருட்டினார். கைதட்டல் எழுந்தது. அண்ணனை ஒழித்த சாதனையைப் பற்றி வெளிநாட்டு மாநாட்டில் பேசிவிட்டு அவர் திரும்பிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

எந்திரம் முனகியது. தட்டு வெளியே வந்தது. நோயாளிகளின் குழிகள் மஞ்சளாக இருந்தன. இயக்குநரின் குழி அவற்றையெல்லாம் தோற்கடிக்கும் மஞ்சளாக இருந்தது.

“பாருங்க, சாரோட ரத்தம்தான் எல்லாத்தையும்விடப் பளிச்சுன்னு இருக்கு!” என்று விளம்பர அலுவலர் பெருமிதத்தோடு கைதட்டினார். விருந்தினர்களும் தட்டினார்கள். மஞ்சள் தட்டவில்லை. இயக்குநர் அதைக் கவனித்தார்.

கதவைச் சாத்திக்கொண்டபின் அவர் குரல் இன்னும் மெலிந்தது.

“தம்பிதானே டாக்டர்?”

“நம்ம கிட்ல தம்பியைத் தவிர வேற யாரும் வரமாட்டாங்க சார்.”

“அண்ணனா இருந்தா?”

“அவரைத்தான் ஒழிச்சுட்டோமே சார்.”

இயக்குநர் எட்டி மஞ்சளின் கையைப் பிடித்துக்கொண்டார். “டாக்டர், இது விளையாட்டு இல்ல. இது என் உடம்பு. இன்னைக்கே முடக்கச் சோதனைக்கு அனுப்புங்க. என் வண்டியிலயே அனுப்புங்க. ஒரு குழாய் உடைஞ்சு கிடைஞ்சு போச்சுன்னா? ரெண்டு குழாயா அனுப்புங்க. ரெண்டுலயும் என் பேரைப் பெருசா எழுதுங்க.”

கையெழுத்துப் போட அவருக்கு நேரமே ஆகவில்லை. இவ்வளவு நாள் அந்தப் பேனா எங்கே இருந்தது என்று மஞ்சளுக்கு வியப்பாக இருந்தது.

குளிர் அறையில் ஐஸ் பெட்டிக்கு முன்னால் மஞ்சள் நின்றார். கையில் இயக்குநரின் பெயர் எழுதிய இரண்டு குழாய்கள். ஒன்றில் இயக்குநரின் சீரத்தை ஊற்றினார். இன்னொன்றில் மாப்பிள்ளையின் சீரத்தை ஊற்றினார். அவர் வாழ்க்கையின் முதல் வீரச் செயல் அது. யாரும் இல்லாத அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு செய்தார். ரம்பம் ஓட்டுகிறவரின் சீரமும் சமையல்காரரின் சீரமும் அதே அலமாரியில்தான் இருந்தன. பெட்டியில் இடமும் இருந்தது. ஆனால் இயக்குநருக்கு ரத்தம் இரண்டு குழாய்க்கு மேல் இருப்பதாகக் காட்டினால் சந்தேகம் வரும் என்று மஞ்சள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு பெட்டியை மூடினார்.

முடிவு வந்த காலையில் இயக்குநரின் அறையில் விளம்பர அலுவலரும் இருந்தார். தலைமை ஆய்வகத்து அம்மையாரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

“சார், முதல் குழாய்ல பயப்பட ஒண்ணுமில்ல. அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. வெளிநாடு போறதுக்குக் கொசுக் காய்ச்சல் தடுப்பூசி போட்டீங்களா?”

“ஆமா.”

“அதோட எதிர்ப்பொருள்தான். அந்த வைரஸ் இவங்களுக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா மாதிரி. சாயல் இருக்கும், உங்க கிட் ஏமாந்திருக்கு.”

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“ஆனா ரெண்டாவது குழாய்ல அண்ணன் இருக்காரு சார். சந்தேகமே இல்ல. தம்பியை லேசா தட்டுது, அண்ணனைப் போட்டு நொறுக்குது. ஒரே ஆளோட ரெண்டு குழாய்ல எப்படி ரெண்டு விடைன்னு எங்களுக்கும் புரியல. எதுக்கும் பெருசையே நம்புங்க. உடனே வார்டுல சேந்துடுங்க. கை நடுங்குதா?”

இயக்குநர் கையைப் பார்த்தார். அது ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்தவற்றை எழுதும்போது நெஞ்சு விம்முகிறது. இந்த நிலையத்தையா மெத்தனம் என்று சொன்னார்கள்? வார்டின் பூட்டு உடைக்கப்பட்டது. வாழ்த்து மடல்கள் வராந்தாவில் கொட்டப்பட்டன. வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. காட்டோரத்து மர முகாமை மூடவும், அங்குள்ள அனைவருக்கும் மறுபடி ரத்தம் எடுக்கவும், தடுப்பூசி தருவிக்கவும் ஆணைகள் மளமளவென்று தட்டச்சாயின. இயக்குநர் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு கடைசி வார்த்தைகளைச் சொல்ல, விளம்பர அலுவலர் கண்ணீரோடு எழுதி, இரண்டு இடங்களில் திருத்தமும் செய்தார்.

மஞ்சள் தூணோரமாக நின்றார். சொல்லிவிடலாமா, ஆணைகளில் கையெழுத்து விழும்வரை பொறுக்கலாமா? கையெழுத்து விழுந்துவிட்டால் முகாம் முழுக்கப் பிழைத்துவிடும். அப்போது அவர் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது.

“அண்ணா,” என்றாள் தங்கை. அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “அவருக்குக் காலையிலேர்ந்து தலைவலி. இப்ப என்னைப் பாத்து நீ யாருன்னு கேக்கறாரு.”

மஞ்சள் தூணை விட்டு முன்னால் வந்தார். இத்தனை வருடமாக மனசுக்குள் மட்டும் வேலை செய்த குரல் வெளியே வெடித்தது.

“சார்! இறங்குங்க! அது உங்க ரத்தம் இல்ல!”

கடைசி வார்த்தை பாதியில் நின்றது. இயக்குநர் எழுந்து உட்கார்ந்தார். “யாரோட ரத்தம்?”

“என் தங்கச்சி வீட்டுக்காரரோடது. மர முகாம்ல மரம் அளக்கறவரு.”

“மரம் அளக்கறவரா?” இயக்குநரின் முகத்தில் ரத்தம் திரும்பியது, அவருடைய சொந்த ரத்தம். ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கிக் காலணியை மாட்டிக்கொண்டார். “அடடா, முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? அப்ப அது தம்பி.”

“சார், தலைமை ஆய்வகத்துலயே அண்ணன்னு...”

“அவங்க சொன்னது என் ரத்தத்தைப் பத்தி. அது என் ரத்தம் இல்லன்னு நீங்களே சொல்றீங்க. ஆக அண்ணன் என்கிட்ட இல்ல. மத்தவங்ககிட்ட இருக்குன்னு யாரும் சொல்லல. சரிதானே?” ஆணைகளை வாங்கி நான்காகக் கிழித்தார். “வார்டைப் பூட்டச் சொல்லுங்கம்மா. மடல் எல்லாம் நனையப்போகுது.”

மஞ்சள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி ஆம்புலன்ஸில் ஏறினார்.

“யாரை ஏத்தணும்?” என்று ஓட்டுநர் கேட்டார். “இயக்குநர்னு சொன்னாங்களே?”

“இயக்குநர்தான். வேற வீட்ல படுத்திருக்காரு. வண்டியை எடுங்க!”

பூட்டச் சொன்ன ஆணை உரிய வழியில், உரிய மேசைகள் எல்லாவற்றிலும் உட்கார்ந்து எழுந்து வார்டுக்குப் போய்ச்சேருவதற்குள், இயக்குநர் என்ற பெயரில் மரம் அளக்கிறவர் அங்கே சேர்க்கப்பட்டுவிட்டார். நிலையத்தின் மெத்தனம் ஓர் உயிரைக் காப்பாற்றியது என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். பெரிய மருத்துவர்கள் கட்டிலைச் சுற்றியே நின்றார்கள். மூன்றாம் வாரம் மாப்பிள்ளை கண் திறந்து, “மச்சான், இங்க எல்லாரும் ஏன் என்னை சார் சார்ங்கறாங்க?” என்று கேட்டார். தங்கை அப்போதுதான் அழுதாள். மாப்பிள்ளையின் வலது கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. அளவு நாடாவை இனி அவரால் பிடிக்க முடியாது.

நிலையம் இந்தச் சங்கடத்தைப் பெருந்தன்மையோடு தீர்த்தது. வார்டிலிருந்து குணமாகிப் போனவர் இயக்குநர் என்று ஏற்கெனவே பதிவாகியிருந்ததால், ‘கடமையின்போது கொடிய காய்ச்சலை வென்றவர்’ என்று இயக்குநருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். எந்தக் காய்ச்சல் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் தொடர்ந்து ஒழிந்தே இருப்பதாகத் தீர்மானிக்கப்பட்டது. குழாய் மாறிய விஷயத்தை வெளியே சொல்லாமல் இருக்கக்கூடிய பொறுப்பான மனிதர் என்ற வகையில் மஞ்சள் துணை இயக்குநர் ஆனார். வாசல் பலகையில் பட்டங்களுக்குக் கீழே பதவியும் ஏறியது.

புது நாற்காலியில் அவர் உட்கார்ந்த அன்று ஒரு பெண் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். மர முகாமில் ரம்பம் ஓட்டுகிறவரின் மனைவி. கையில் ‘பூரண குணம்’ சான்றிதழ் இருந்தது. அதை மேசைமேல் வைத்தார்.

“நேத்துலேர்ந்து பிள்ளைங்களை அடையாளம் தெரியல சார் அவருக்கு. சமையல்காரர் போன வாரமே போய்ட்டாரு.”

“ரத்தம் எடுத்து...” என்று மஞ்சள் ஆரம்பித்தார்.

“ரத்தம் எல்லாம் வேணாம் சார். வந்திருக்கறது அண்ணன்தான்னு முகாம்ல எல்லாருக்கும் தெரியும். அந்த வார்டு எந்த ரத்தத்துக்கும் திறக்காது, பேருக்குத்தான் திறக்கும்னும் தெரியும். உங்க மாப்பிள்ளைக்கு ஒரு பேரு குடுத்தீங்களாம். எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு குடுங்க. உங்க பேரா இருந்தாலும் பரவாயில்ல. இப்ப நீங்களும் பெரிய ஆள்தானே?”

மஞ்சள் அந்தப் பெண்ணைப் பார்த்தார். சான்றிதழில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, வழக்கம்போல் மனசுக்குள், மிக உரக்கப் பதில் சொன்னார்.